இறங்கினாலும் ஏறின கணக்குதான்

விமானம் இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் சரியாகும். மதுரையில் இறங்கினாலும் சென்னையில் இறங்கினாலும் இதுதான் நமக்குப் பழக்கம். முப்பதாயிரம் அடிக்கு மேலே பறக்கையில் விமானத்துக்குள் இருக்கும் காற்று, ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரமுள்ள ஒரு மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கும். தரை நெருங்க நெருங்க அது கனத்துக்கொண்டே வரும். காது அடைப்பது அதனால்தான்.

லடாக்கின் லே நகரத்துக்குப் போகும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. விமானம் கீழே இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றோ மெலிந்துகொண்டே போகிறது. ஏனென்றால் லேயின் ஓடுபாதை இருப்பதே 10,682 அடி உயரத்தில். மீட்டரில் சொன்னால் 3,256. நம் விருதுநகரும் சிவகாசியும் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம். நான் கைப்பையில் வைத்திருந்த சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் டெல்லியில் ஏறும்போது தொளதொளவென்று இருந்தது. லேயில் கதவு திறந்தபோது உப்பி இறுகிக் கல்லாக நின்றது. அந்தப் பொட்டலத்துக்கு நடந்தது நமக்கும் நடக்கிறது. பொட்டலத்தில் அது வெளியே தெரிகிறது, நம்மிடம் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

டெல்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். முதல் பாதியில் சமவெளியும் மேகமும்தான். பிறகு இமயமலை தொடங்குகிறது, முடிகிற மாதிரியே இல்லை. வெள்ளைச் சிகரங்களைத் தாண்டினால் பச்சையே இல்லாத பழுப்பு மலைகள். அவற்றுக்கு நடுவே சிந்து நதி ஒரு நூலாகத் தெரியும் நேரத்தில் விமானம் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. மலைகள் அப்போது நமக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருக்கின்றன. ஜன்னலோரத்தில் இருப்பவர் குனிந்து பார்க்க வேண்டியதில்லை, நேராகப் பார்த்தால் பாறை. ஓடுபாதையின் மேற்கு முனையில் ஒரு சின்னக் குன்றின் மேல் ஸ்பிதுக் புத்த மடம் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒட்டியே இறங்க வேண்டும். ஓடுபாதை கிழக்கு நோக்கி மேடாக ஏறுகிறது. அதனால் பொதுவாக மேற்கிலிருந்து வந்து மேட்டில் இறங்குவார்கள். புறப்படும்போது பள்ளத்தைப் பார்த்து ஓடி, வந்த வழியே பறப்பார்கள்.

காற்று மெலிந்த இடத்தில் இறக்கை தாங்கும் சக்தி குறையும். அதை ஈடுகட்ட விமானம் அதிக வேகத்தில் வந்தாக வேண்டும். விமானியின் கருவியில் வழக்கமான வேகம்தான் காட்டும். ஆனால் சக்கரம் தரையைத் தொடும் உண்மையான வேகம் கடற்கரை ஊர் ஒன்றில் இறங்குவதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதல். எஞ்சினும் காற்றைத் தின்றுதான் உழைக்கிறது, அதன் பலமும் குறைவு. பாதி வழியில் ஒரு எஞ்சின் நின்றால் எந்த மலை இடுக்கு வழியாக வெளியேறுவது என்பதையெல்லாம் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஊருக்கென்று தனிப்பயிற்சி பெற்ற கேப்டன்கள் மட்டுமே இங்கே இறக்கலாம். விமான நிலையம் விமானப்படையின் கையில் இருக்கிறது. இறங்கும்போதும் ஏறும்போதும் படம் எடுக்காதீர்கள் என்று அறிவிப்பார்கள். எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

லேக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும், வெயிலும் ஏறிவிடும். சூடான காற்று இன்னும் மெலிதானது. ஓடுபாதையின் நீளமோ காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். 2024 ஜூலைக் கடைசியில் லேயில் வெப்பம் வழக்கத்தை மீறி உயர்ந்தபோது விமானங்கள் ரத்தாயின. பனிக்கு ரத்தாவது உண்டு, மேகத்துக்கு ரத்தாவது உண்டு. வெயிலுக்கு ரத்தாகும் என்று அதுவரை பலருக்குத் தெரியாது.

சிவகாசிக்காரருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. மருந்து கலக்குவதும் செலுத்துவதும் வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும், மிஞ்சிய கலவையை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பதெல்லாம் பட்டாசு ஆலையின் பாலபாடம். அதை மீறிய மதிய வேளைகளில் என்ன நடந்தது என்பதை நம் மாவட்டத்துச் செய்தித்தாள்கள் ஒவ்வொரு கோடையிலும் அச்சிட்டு வந்திருக்கின்றன. வெயிலோடு பேரம் பேச முடியாது என்பது விமானிக்கும் தெரியும், மருந்து அறைக்காரருக்கும் தெரியும்.

இந்த ஓடுபாதை பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1948. சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்கர்து பக்கத்திலிருந்து பாகிஸ்தான் தரப்புப் படை லேயை நோக்கி வருகிறது. லேயில் காவலுக்குப் போதிய ஆள் இல்லை. சாலை கிடையாது, கணவாய்களில் பனி. அந்தப் பனிக்காலத்தில் மேஜர் பிரிதி சந்த் என்ற லாஹௌல்காரர் ஒரு சிறு படையுடன் ஜோஜி லா கணவாயை நடந்தே கடந்து லே வந்து சேர்ந்தார். கூடவே வந்தவர் சோனம் நோர்பு, லடாக் மண்ணின் பொறியாளர். சிந்துக் கரையில் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, கற்களைப் பொறுக்கி, மேடு பள்ளத்தைக் கையாலேயே நிரவி, அவர் ஒரு மண் ஓடுபாதை போட்டார். இயந்திரம் ஒன்றும் அங்கே வந்து சேர வழியில்லை.

மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை அதில் கொண்டுவந்து இறக்கினார். பக்கத்தில் மேஜர் ஜெனரல் திம்மையா. டகோட்டா என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு விமானம். உள்ளே காற்றழுத்தத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு கிடையாது. அந்த விமானத்தால் ஏற முடிந்த உயரத்தின் எல்லைக்கே அதை ஏற்றித்தான் மலைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த வழியாக அதற்குமுன் யாரும் லேக்குப் பறந்ததில்லை, நம்பத் தகுந்த வரைபடமும் இல்லை. மெஹர் சிங் இறங்கிக் காட்டியபின் மற்ற டகோட்டாக்கள் கூர்க்கா வீரர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. லே தப்பியது. விமானத்தைப் பார்த்த ஊர்மக்கள் அது ஏதோ மிருகம் என்று நினைத்துப் புல் கொண்டுவந்து போட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். முதல் ரயில், முதல் பஸ், முதல் விமானம் என்று எந்த ஊருக்கும் இதே கதையை ஒட்டுகிறார்கள். தன் கையால் ஓடுபாதை நிரவிய ஜனங்களுக்கு அதில் வந்து இறங்கப் போவது என்ன என்று தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை.

விமான நிலையத்துக்குப் பின்னாளில் குஷோக் பகுலா ரின்போச்சே என்று பெயர் வைத்தார்கள். புத்தத் துறவி, நாடாளுமன்ற உறுப்பினர், மங்கோலியாவுக்கு இந்தியத் தூதராகவும் இருந்தவர். தகுதியான பெயர்தான். ஓடுபாதை போட்ட சோனம் நோர்புவின் பெயர் எங்கே இருக்கிறது தெரியுமா? லே அரசு மருத்துவமனையில். எஸ்.என்.எம். மருத்துவமனை என்பது சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை. அவர் போட்ட பாதையில் வந்து இறங்குகிறவர்களில் சிலர் அன்றிரவோ மறுநாளோ அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார்கள். என் அச்சக நண்பர் ஒருவரும் அப்படிப் படுத்திருந்தார். இந்த வாரம் நான் எழுத வந்ததே அதைத்தான்.

நம் பக்கத்திலிருந்து லேக்குப் போகிறவர்கள் சமீப வருடங்களில் பெருகியிருக்கிறார்கள். அச்சகக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் பிறகு டிசம்பர் வரை தலை நிமிர முடியாது. அதனால் மே, ஜூனில் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருப்பவருக்குப் பனிமலைப் படம் போட்ட துண்டறிக்கையைக் காட்டினால் போதும். அந்தத் துண்டறிக்கையும் சிவகாசியில் அடித்ததுதான். பளபளப்பில் குறை சொல்ல முடியாது. ஐந்து இரவு, ஆறு பகல். நண்பரிடம் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். முதல் நாள்: லே வருகை, மாலையில் சாந்தி ஸ்தூபி, கடைவீதி. இரண்டாம் நாள்: கர்துங் லா வழியாக நூப்ரா. மூன்றாம் நாள்: பாங்காங் ஏரி.

இதை உயரக் கணக்கில் எழுதிப் பாருங்கள். முந்தின நாள் மாலை மதுரை, ஐந்நூறு அடிக்கும் கீழே. இரவு முழுக்க டெல்லி விமான நிலைய நாற்காலியில் தூக்கமில்லாமல் கழிகிறது. விடிந்ததும் 10,682 அடி. அன்று மாலையே ஸ்தூபியின் செங்குத்துப் படிக்கட்டு. மறுநாள் காலை கர்துங் லா, 17,582 அடி. அங்கே வெகுகாலம் 18,380 என்று ஒரு பலகை இருந்தது, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. உண்மையான உயரமே போதுமானது, அதில் எண்ணூறு அடியைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று தெரியவில்லை.

லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விருதுநகரில் இரண்டு மூச்சில் கிடைப்பதற்கு அங்கே மூன்று மூச்சு வேண்டும். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், சந்தேகமில்லை. முதலில் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகம் அதைச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. அதுவரை தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்துத்தான் ஆரம்பிக்கும். முதல் நாள் மதியம் “எனக்கு ஒண்ணுமே செய்யலையே அண்ணாச்சி” என்று சொல்லாதவர் எங்கள் குழுவில் யாரும் இல்லை. உடற்பயிற்சி செய்கிறவர், இளைஞர் என்பதற்கெல்லாம் அந்த மலை சலுகை தருவதில்லை. சொல்லப்போனால் இளவட்டங்கள்தான் முதல் நாளே ஓடியாடி மாட்டிக்கொள்கிறார்கள்.

நண்பருக்கு முதல் நாள் இரவு தலைவலி. வாந்தி. ஏற்பாட்டாளரின் ஆள் சின்னதாக ஒரு ஆக்சிஜன் டப்பாவையும் ஒரு கற்பூரப் பொட்டலத்தையும் கொடுத்து, முகர்ந்தால் சரியாகிவிடும் என்றிருக்கிறார். அந்த டப்பா சில நிமிடங்களுக்குத் தாங்கும். கற்பூரம் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம். ரத்தத்தில் அதனால் ஒரு துளி ஆக்சிஜனும் கூடாது. பணம் கட்டியாயிற்றே என்று மறுநாள் அவரையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கணவாயில் வறட்டு இருமல் தொடங்கியது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் அது. ஓட்டுநர் லடாக்காரர், முகத்தைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிவிட்டார். அந்த ஓட்டுநருக்குத்தான் நண்பரின் குடும்பம் நன்றி சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறது.

பாவாலியைத் தாண்டி ஒரு கிராமத்தில் என் உறவினர் ஒருவர் இருக்கிறார், பட்டாளத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் லே போகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தன நாள் படுக்கப் போறீக?” என்பதுதான்.

“சுத்திப் பாக்கப் போறேன் மாமா, படுக்க இல்ல.”

“சண்டிகர்ல பெரிய ஜகாஜ்ல ஏத்தி லேயில எறக்குவாங்க மாப்ள. எறங்குன ரெண்டு நாளு கட்டில விட்டு எந்திரிக்க விடமாட்டாங்க. ஓடக் கூடாது, சுமக்கக் கூடாது. தின்னு, தூங்கு, தண்ணி குடி, அவ்வளவுதான் டூட்டி. அதுக்கப்புறம் கொஞ்சம் நடை, அதுக்கப்புறம் ஏத்தம். ஆறு நாள் கழிச்சு டாக்டர் பாத்துத்தான் மேல அனுப்புவாக. துப்பாக்கி தூக்குற எங்களுக்கே அப்படி. செல்போன் தூக்குறவுக உங்களுக்கு?”

அவர் சொன்னது வீட்டுப் பேச்சில்லை, ராணுவத்தின் எழுதப்பட்ட நடைமுறை. ஒன்பதாயிரம் அடியிலிருந்து பன்னிரண்டாயிரம் வரை ஆறு நாள். அதற்கு மேல் பதினைந்தாயிரம் வரை போக இன்னும் நான்கு நாள். அதற்கும் மேலே என்றால் மேலும் நான்கு நாள். இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை. 1962 போரில் சமவெளியிலிருந்து படைகளை அவசர அவசரமாக மலைக்கு ஏற்றியபோது எதிரியோடு சேர்ந்து உயரமும் நம் ஆட்களைத் தாக்கியது. அந்தக் காலகட்டத்தில் வேகமாக உயரத்துக்கு ஏற்றப்பட்ட 1,925 படைவீரர்களிடம் கண்ட மலைநோயை இந்தர் சிங் தலைமையிலான இந்திய ராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்து 1969இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உலகம் இன்றைக்கும் மேற்கோள் காட்டும் ஆய்வு அது. படிப்பினை நம்முடையது, விலை கொடுத்ததும் நம் ஆட்கள். துண்டறிக்கை அடிக்கிறவருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டியைத் திருப்பினால் போதும், இரண்டு மணி நேரத்தில் சமவெளி. லேயிலிருந்து அப்படி இறங்கிவிட முடியாது. மணாலி சாலையில் போனால் பதினேழாயிரம் அடிக்கு மேலே உள்ள தக்லங் லாவை ஏறிக் கடக்க வேண்டும். ஸ்ரீநகர் சாலையில் போனால் பதின்மூன்றாயிரம் அடிக்கு மேலே ஃபோது லா. இறங்குவதற்கே ஏற வேண்டும். நேராகக் கீழே கொண்டுபோகும் ஒரே வழி விமானம். அதுவோ பெரும்பாலும் காலையில்தான், அதுவும் வானமும் வெயிலும் அனுமதித்தால். இரவு பத்து மணிக்கு மூச்சு முட்டுகிறவருக்கு சோனம் நோர்பு மருத்துவமனைதான் கதி.

விமானத்தில் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது, மத்தாப்பு கொண்டுபோகக் கூடாது என்று நம் ஊர்க்காரர்களைத் துருவித் துருவிச் சோதிக்கிறார்கள். சரிதான். ஆனால் பட்டாசுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு வடிவில் அது தன்னுடனேயே வைத்திருக்கிறது, வெளிக்காற்றை நம்பி இருப்பதில்லை. அதைக் கட்டுகிற நமக்கு அந்த வசதி இல்லை.

லே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாகப் போங்கள். நான் போனபோது மாமா சொன்னபடி இரண்டு நாள் அறையிலேயே கிடந்தேன். குழுவில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஸ்டோக் மலை பனியோடு நின்றது. அதைப் பார்ப்பதும் சுற்றுலாதானே? மூன்றாம் நாள் கேலி செய்தவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், நான் நடந்துகொண்டிருந்தேன். நேரம் இருப்பவர்கள் ஸ்ரீநகர் வரை பறந்து அங்கிருந்து சாலையில் போகலாம். ஸ்ரீநகர் ஐயாயிரம் அடி சொச்சம், வழியில் கார்கில் எண்ணாயிரத்து எண்ணூறு அடிக்குப் பக்கம். இரண்டு இடத்திலும் ஓரிரவு தங்கிப் போனால் உடம்பு படிப்படியாகப் பழகும்.

முன்பணம் கட்டியிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். அசெட்டசோலமைட் மாத்திரை உதவும், ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்தார் என்று வாங்கி விழுங்கக் கூடாது. சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் நாட்களில் கூடவே கூடாது. தலைவலி நீடித்தால் மேலே ஏறாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஏற்பாட்டாளர் நீட்டும் பயணத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். முதல் இரண்டு நாளுக்கு நேரே ‘ஓய்வு’ என்று எழுதித் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.